இரண்டு பதினேழு

போன மாதம் நம் குடியிருப்புச் சங்கச் செயலாளர் என்னிடம் ஒரு சின்ன வேலை சொன்னார். ஏ பிளாக்குக்கும் பி பிளாக்குக்கும் நடுவே, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், ரோட்டிலிருந்து பார்த்தால் தெரியாத அந்தத் துண்டு நிலத்து மரங்களை எண்ணி, ஒவ்வொன்றுக்கும் நம்பர் எழுதித் தர வேண்டுமாம். நம்பர் இருந்தால் யாரும் வெட்ட மாட்டார்களாம். "மாடிப்படியைக்கூட எண்ணிக்கொண்டு ஏறுகிறவர் நீங்கள்தானே" என்றார். முடியாது என்றேன். கொஞ்சம் கத்திவிட்டேன் போலிருக்கிறது. அன்று சாயங்காலம் சிமெண்டு பெஞ்சில் நீங்கள் நான்கு பேரும் என்னோடு பேசவில்லை.

அங்கே மரங்கள் பதினொன்று. எண்ணாமல் இருக்க என்னால் முடிவதில்லை. நம்பர் எழுதத்தான் முடியாது. ஏன் என்று நேரில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. நான் ஒரு வரி சொல்வதற்குள் நீங்கள் நான்கு பேரும் நான்கு கேள்வி கேட்பீர்கள். அதனால் எழுதித் தருகிறேன். படித்துவிட்டு என்னோடு பேசுவதா வேண்டாமா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

எனக்கு அப்போது பத்து வயது. வெள்ளைக்காரன் ஆட்சி. கொல்லிமலைக்கு ரோடு கிடையாது; அடிவாரத்திலிருந்து ஒற்றையடிப் பாதையில் ஏறினால் உச்சி வெயிலுக்குள் மேலே போய்ச் சேரலாம். அப்பா சர்க்கார் காட்டிலாகாவில் பாரஸ்டர். சர்க்கார் கட்டிக்கொடுத்த லைன் வீடுகள் பன்னிரண்டு: ஆறு வடக்குப் பார்த்தவை, ஆறு தெற்குப் பார்த்தவை, ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன. வீட்டின் முன்புறத்தில் ஒரு புல் முளைக்கக்கூடாது என்று உத்தரவு. செம்மண்ணைப் பெருக்கி, ஓரத்துக் கற்களுக்குச் சுண்ணாம்பு அடித்து வைத்திருப்பார்கள். பார்க்கிறவர்களுக்கு வறண்ட இடம் என்று தோன்றும்.

பின்கதவைத் திறந்தால்தான் விஷயம் தெரியும். இரண்டு வரிசைகளுக்கும் நடுவில் என் காலால் ஐம்பத்திரண்டு எட்டு நீளம், பதினாறு எட்டு அகலம். ஒரு கோடியை ஒரு பெரும்பாறை அடைத்திருந்தது. மறுகோடியைக் குதிரைக் கொட்டகை. பன்னிரண்டு வீட்டில் பாத்திரம் கழுவிய தண்ணீரும் குளித்த தண்ணீரும் அங்கேதான் பாய்ந்தது. உள்ளே பச்சை என்றால் அப்படி ஒரு பச்சை. பலா மூன்று, கொய்யா ஆறு, கமலா ஆரஞ்சு ஐந்து, எலுமிச்சை இரண்டு, முருங்கை இரண்டு, மிளகுக் கொடி ஏறிய கல்யாண முருங்கை ஆறு, பப்பாளி மூன்று. ஒரே ஒரு நார்த்தை. வாழையை மரத்தில் சேர்ப்பதா என்று எனக்குச் சந்தேகம் இருந்ததால் அதை எண்ணவில்லை.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. மாற்றலாகி வருகிற குடும்பம் ஒரு மரம் வைக்கும். மாற்றலாகிப் போகும்போது ஒரு கிளையைக்கூட எடுத்துக்கொண்டு போகாது. தன் பின்வாசலுக்கு நேரே இருக்கும் மரத்துக்குத் தண்ணீர் ஊற்றுவது அந்த வீட்டின் வேலை, காய் எதிர்வீட்டுக்கு. எங்கள் வாசல் ஆரஞ்சை நாங்கள் தின்றதில்லை. எதிர்வீட்டு பாரஸ்ட் கார்டின் கொய்யாவைத் தின்றோம். யார் இதை ஏற்படுத்தினார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் சண்டை வந்து நான் பார்த்ததில்லை. ஆண்கள் அந்தப் பக்கம் வருவதே இல்லை.

முன்புறத்தில் என் அம்மா நடந்தால் காட்டு வாட்சரின் சம்சாரம் ஓரமாக ஒதுங்கி நிற்பார். அம்மா பாரஸ்டர் வீட்டுக்காரி, அவர் கடைசி வீட்டுக்காரி. பின்புறத்தில் அதே இருவரும் ஒரே கல்லில் உட்கார்ந்து, ஒருவர் தலையில் ஒருவர் பேன் பார்ப்பார்கள். பதினாறு எட்டு அகலத்தில் அந்த ஒரு இடம்தான் அப்படி இருந்தது.

வாட்சர் மலைக்காரர். மலைமேலேயே பைல் நாடு என்ற பகுதியில் அவருக்கு ஊர். காட்டில் மரத்துக்கு நம்பர் போடும்போது தார்ச்சட்டியையும் பிரஷ்ஷையும் சுமந்து போவது அவர் வேலை. பன்னிரண்டாம் வீட்டில் அவரும் சம்சாரமும் மட்டும். முதல் குழந்தை மலைக்காய்ச்சலில் நாற்பது நாளுக்குள் போய்விட்டது. அந்தக் குழந்தையின் பேருக்குத்தான் அந்த நார்த்தையை வைத்திருந்தார்கள். நான் சொல்கிற ஆடி மாதத்தில் அந்த அம்மாள் ஏழு மாதக் கர்ப்பம். நான் அவரை அக்கா என்று கூப்பிடுவேன்.

எனக்கும் அந்த வருடம் காய்ச்சல். அடிவாரத்துப் பள்ளிக்கூடத்திலிருந்து என்னைத் தூக்கிக்கொண்டு வந்து மலைமேல் போட்டிருந்தார்கள். உடம்பு தேறிக்கொண்டிருந்தது. படிக்க வேண்டாம், ஓட வேண்டாம் என்று விட்டதில் எனக்கு எண்ணுவதைத் தவிர வேலை இல்லை.

"ஏஞ்சாமி, மரத்தடியில நின்னுட்டு என்ன மொணமொணன்னு?" என்பார் அக்கா.

"கொய்யாக்கா எண்றேனுங்க்கா. முப்பத்தி நாலு இருக்குது."

"எண்ணாத கண்ணு. காய்க்கறத எண்ணுனா மரம் கேட்டுக்கும். அப்பறம் நிறுத்திப் போடும்."

"மரத்துக்குக் காது எங்கீங்க்கா இருக்குது?"

"உனக்கு வாய் ஓயாம இருக்குதல்ல, அதுக்கு எதுத்தாப்பலதான்" என்று சிரிப்பார். சிரித்தாலும், நான் மறுபடி எண்ணத் தொடங்கினால் முகம் மாறும். வீட்டில் இருக்கும் கோழியைக்கூட அவர் எண்ணிப் பார்த்ததில்லை. "எல்லாம் வந்துட்டுதுங்களா?" என்று கோழியிடமே கேட்பார்.

காட்டில் நம்பர் போடுவதை ஒருமுறை அப்பா என்னைக் கூட்டிப்போய்க் காட்டியிருந்தார். வாட்சர் கைக்கோடாலியால் பட்டையைச் சீவி நம்பர் எழுத ஒரு முகம் செய்வார். கார்டு தாரில் பிரஷ்ஷை முக்கி நம்பர் எழுதுவார். அப்பா உரக்கச் சொல்லிக்கொண்டே நோட்டில் குறிப்பார். பட்டையின் வரியில் ஒன்றும் ஏழும் குழம்பிவிடும் என்பதால் அப்பா எங்கே எழுதினாலும் ஏழுக்கு நடுவில் ஒரு குறுக்குக் கோடு போடுவார். எனக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தார். கார்டுக்கு அந்தப் பழக்கம் வரவே இல்லை. அந்த லைனில் ஏழுக்குக் கோடு போடுகிறவர்கள் இரண்டே பேர்.

நம்பர் விழுந்த மரம் நிற்காது. அது வெட்டுக்கு என்று அர்த்தம். இது எனக்குத் தெரியாது என்று எழுத ஆசையாக இருக்கிறது. தெரியும். எங்கள் தோட்டத்தில் அது விளையாட்டு, காட்டில்தான் நிஜம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆடிப் பதினெட்டுக்கு லைனே கோயிலுக்குக் கிளம்பியது. போக ஒருநாள், வர ஒருநாள். அப்பாவும் வாட்சரும் இன்னும் இருவரும் காட்டு வேலைக்குப் போயிருந்தார்கள். என்னால் அவ்வளவு தூரம் நடக்க முடியாது, அக்காவாலும் முடியாது. "இவனைப் பாத்துக்க. தோட்டத்தையும் பாத்துக்க" என்று அம்மா சொல்லிவிட்டுப் போனார். "ரெண்டும் எம் பொறுப்புங்கம்மா, நீங்க போயிட்டு வாங்க" என்றார் அக்கா.

அன்று மத்தியானம் அக்கா படுத்திருந்தபோது, கொட்டகைச் சுவரில் மாட்டியிருந்த பழைய தார்ச்சட்டியை எடுத்தேன். அடியில் ஒரு விரல் உயரத்துக்குத் தார் இருந்தது. அடுப்புத் தணலில் இளக்கினேன். தார் உருகும் வாசனை இன்றைக்கும் ரோடு போடும் இடத்தில் வந்தால் நான் எதிர்ப்பக்கம் கடந்துவிடுவேன். நீங்கள் கேலி செய்வீர்களே, அதற்குக் காரணம் தூசி இல்லை.

பாறைப் பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். ஒன்று, பலா. இரண்டு, பலா. வாயால் அப்பா மாதிரி உரக்கச் சொல்லி, கையால் கார்டு மாதிரி எழுதினேன். பதினேழாவது ஒரு எலுமிச்சை. எழுதி முடிக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. சட்டியை ஒளித்துவைத்துவிட்டு ஓடினேன். மறுநாள் காலையில் மீதியைத் தொடங்கியபோது, கடைசியாகப் போட்டது பதினாறு என்று மனசில் நின்றது. திரும்பிப் போய்ப் பார்க்கவில்லை. அடுத்த ஆரஞ்சுக்கும் பதினேழு போட்டேன்.

கடைசி மரம் நார்த்தை. பிரஷ்ஷை முக்கிவிட்டேன். அப்போதுதான் அக்கா பின்கதவில் வந்து நின்றார். முதலில் சிரித்தார். "என்ன ஆபீசரே, எங்களுக்கெல்லாம் நம்பர் இல்லீங்களா?" என்றார். நான் நார்த்தைப் பக்கம் நகர்ந்ததும் சிரிப்பு நின்றது.

"அதுல மட்டும் வேண்டாம் கண்ணு."

"ஒரே ஒரு நம்பர்தானுங்க்கா."

"வேண்டாஞ்சாமி. அத எண்ணாத. உன்னயக் கையெடுத்துக் கும்புடறேன்."

நிஜமாகவே கைகூப்பினார். பெரியவர் ஒருவர் என்னைக் கும்பிட்டது அதுதான் முதல் தடவை. எனக்குப் பயமாகிப் பிரஷ்ஷைச் சட்டியில் போட்டேன். "சரிங்க்கா, எண்ணல" என்றேன். மனசுக்குள், மொத்த மரக் கணக்கில், அது ஏற்கெனவே இருபத்தெட்டாவதாக விழுந்துவிட்டிருந்தது. அதை வெளியே சொல்லவில்லை.

என்னை உட்காரவைத்து, விளக்கெண்ணெயும் சாம்பலும் போட்டு விரல் விரலாகத் தேய்த்தார். வலது கட்டைவிரல் நகக்கண்ணில் கொஞ்சம் தார் நின்றுவிட்டது. "இது வளந்துதான் போகோணும். அம்மா கேட்டா நகச்சுத்துன்னு சொல்லு" என்றார். மழையில் தார் போய்விடும் என்று அவர் நினைத்தார். அவருக்கு அந்த நம்பர்களின் அர்த்தம் தெரியாது. காட்டுக்கு அவர் வந்ததில்லை.

அன்று சாயங்காலம் கோயிலுக்குப் போனவர்கள் திரும்பினார்கள். காட்டுக்குப் போனவர்களும் திரும்பினார்கள். அவர்களோடு, யாரும் எதிர்பாராமல், மேலிடத்து ஆபீசர் ஒருவர் குதிரையில் வந்தார். குதிரையைக் கட்டப் போன ஆள், கொட்டகை வழியாகப் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டு, "உள்ள நம்பர் போட்ட மரமெல்லாம் நிக்குதுங்க" என்று சொன்னான். அவ்வளவுதான். ஒரு ஆணும் நுழையாத இடத்தில் எட்டு ஆண்கள் செருப்புக் காலோடு நுழைந்தார்கள்.

ஆபீசர் ஒவ்வொரு மரமாகப் படித்துக்கொண்டே வந்தார். "யாருய்யா இதுக்கு நம்பர் போட்டது? எந்த ரிஜிஸ்தர்ல இருக்கு இது?" ரிஜிஸ்தரில் இல்லை. ரிஜிஸ்தரில் இல்லாத மரத்துக்கு நம்பர் விழுந்தால், திருட்டுத்தனமாக வெட்டி விற்க யாரோ ஏற்பாடு செய்திருக்கிறார்கள் என்பதுதான் அவர்கள் தொழிலில் பொருள். மூன்று பலாவும் நல்ல கட்டை. இரண்டாவது பதினேழின் முன்னால் வந்ததும் அவர் நின்று சிரித்தார். "படிச்சவன் போட்டதில்ல இது. ரெண்டு பதினேழு போட்டிருக்கான். தார்ச்சட்டி யார் கையில இருக்கு?"

வாட்சர் முன்னால் வந்து நின்றார். "சட்டி எங்கிட்டத்தானுங்க எசமான். ஆனா எனக்கு எழுத வராதுங்க."

"அது தெரியுது" என்றார் ஆபீசர். எல்லோரும் சிரித்தார்கள்.

இதை யோசித்துப் பாருங்கள். எழுத வராது என்று ஒருவன் சொல்கிறான். அதையே அவன்தான் எழுதினான் என்பதற்குச் சாட்சியாக எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு கரித்துண்டைக் கொடுத்து, ஒரு பதினேழு எழுது பார்ப்போம் என்று எட்டு ஆண்களில் ஒருவரும் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் கணக்கில் முதல் மார்க்கு வாங்கிய நான் பின்கதவுக்குள் நின்றுகொண்டிருந்தேன். எனக்குக்கூட முதலில் உறைத்தது என்ன தெரியுமா? இரண்டு பதினேழு போட்டுவிட்டோமே என்ற வெட்கம்தான்.

அப்பா அந்த மரத்தைப் பார்த்தார். ஏழைப் பார்த்தார். குறுக்குக் கோட்டைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

விளக்கு வைத்த நேரத்தில், அக்கா வீட்டுப் பின்சுவர் ஓரம் நான் நின்றேன். சொல்லிவிடத்தான் போனேன். உள்ளே பேச்சு கேட்டது.

"நம்பரப் பாத்ததுமே அய்யா மொகம் மாறிப்போச்சு" என்றார் வாட்சர். "அவருக்குத் தெரிஞ்சிருக்கும்."

"தெரிஞ்சா அவரே சொல்லுவாருங்க."

"எப்பச் சொல்லுவாரு?"

"நாளைக்கிச் சொல்லுவாரு. அவிங்க புள்ளய நம்ம வாயால சொல்ல வேண்டாங்க. எம் பொறுப்புலதான உட்டுட்டுப் போனாங்க."

எனக்கு நிம்மதியாகிவிட்டது. அப்பா நாளைக்குச் சொல்லிவிடுவார் என்று திரும்பி வந்து சாப்பிட்டேன். இரண்டு தோசை. அதையும் எண்ணி வைத்திருக்கிறேன்.

மறுநாள் காலையில் அப்பா என் சிலேட்டை எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். ஏழு எழுதச் சொன்னார். எழுதினேன். குறுக்குக் கோட்டை விரலால் அழித்தார். "இனிமே ஏழுக்குக் கோடு வேண்டாம்" என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது. இதைப் பற்றி அவர் சாகும்வரை எங்களுக்குள் நடந்த பேச்சு அந்த ஒரு வரி. அதற்குப் பிறகு அப்பாவின் நோட்டில் கோடு போட்ட ஏழு வந்ததில்லை.

அவரை நான் குறை சொல்லவில்லை. பாரஸ்டரின் பையன் போட்டான் என்று தெரிந்தால், பையனை ஏவியது பாரஸ்டர் என்று ஆகியிருக்கும். அவருக்கு வேலை போயிருக்கும். அந்த வேலையில்தான் நான் படித்தேன். இப்படி எழுதும்போது நியாயமாகத்தான் தெரிகிறது. பன்னிரண்டாம் வீட்டுப் பக்கம் நின்று பார்த்தால் தெரிவதில்லை.

மூன்றாம் நாள் உத்தரவு வந்தது. வாட்சருக்கு வேலை இல்லை. பத்து நாளுக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். லைனில் காய்ச்சல் பரவுவதற்கு இந்த மர நெருக்கமும் காரணம். ஆகவே நம்பர் போட்ட இருபத்தேழு மரங்களையும் அப்புறப்படுத்த வேண்டும். உத்தரவை வாசித்தவர் அப்பா.

பெண்கள் யாரைக் கோபித்துக்கொள்வார்கள்? ஆபீசரையா? அக்கா கல்லில் வந்து உட்கார்ந்தால் மற்றவர்கள் எழுந்து போனார்கள். "இவளை நம்பித் தோட்டத்தை உட்டுட்டுப் போனது என் தப்பு" என்று அம்மா எதிர்வீட்டு அம்மாளிடம் சொன்னார். அக்காவுக்குக் கேட்கும்படிதான் சொன்னார். அக்கா என்னைப் பார்த்தார். நான் பறந்துகொண்டிருந்த தட்டாம்பூச்சிகளை எண்ணினேன். பிறகு அவர் முன்வாசல் வழியாகப் போய், ஓரமாக ஒதுங்கி நடந்து, தன் வீட்டுக்குள் போனார்.

அந்தப் பத்து நாட்களில் நான் வாயைத் திறந்திருக்கக்கூடிய தருணங்கள் ஒன்பது. எல்லாவற்றையும் சொல்லப்போவதில்லை. ஆபீசர் குதிரை ஏறும்போது என் தலையைத் தடவி "என்ன படிக்கிறே?" என்று கேட்டது ஒன்று. அம்மா என் நகத்தைப் பார்த்து "என்னடா இது?" என்றது ஒன்று. நகச்சுற்று என்றேன். வாட்சர் எங்கள் வீட்டு முன்னால் வந்து, அப்பா கதவைத் திறப்பார் என்று ஒரு முழுக் காலைநேரம் நின்றது ஒன்று. அப்பா உள்ளே இருந்தார். நான்தான் வெளியே போய், அப்பா ஊரில் இல்லை என்றேன். "சரிங்க சாமி, வந்தா சொல்லுங்க" என்றார். அப்பாவின் செருப்பு வாசலிலேயே கிடந்தது.

வெட்டு இரண்டு நாள் நடந்தது. ஆட்கள் நம்பரைப் பார்த்துத்தான் வெட்டினார்கள். ஆரஞ்சு மரம் விழுந்தபோது இலையிலிருந்து பழத்தைவிடக் கடுமையாக வாசனை வந்தது. அன்று சமைத்த சோற்றிலும் அது இருந்தது. நார்த்தையின் முன்னால் வந்ததும் மேஸ்திரி சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "இதுல நம்பர் இல்லையே" என்றார். உத்தரவில் நம்பர் போட்ட மரம் என்றுதான் இருந்தது. அதை விட்டுவிட்டார்கள். ஐம்பத்திரண்டு எட்டு நீளத்தில் அந்த நார்த்தையும் வாழைகளும் மட்டும் நின்றன. இரண்டு வரிசைப் பின்கதவுகளும் முதல்முறையாக ஒன்றையொன்று நேராகப் பார்த்தன. அன்றிலிருந்து எல்லோரும் கதவைச் சாத்தி வைத்தார்கள்.

பத்தாம் நாள் காலையில் அவர்கள் கிளம்பினார்கள். வாட்சர் தலையில் ஒரு மூட்டை, தோளில் ஒரு கூடைக் கோழி. அக்காவின் இடுப்பில் ஒரு குடம்; வயிறு முன்னைவிடப் பெரிதாகத் தெரிந்தது. முன்வாசல் வழியாகப் போகாமல் தோட்டம் வழியாகப் போனார்கள். நான் எங்கள் பின்படியில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து உள்ளே ஓட நினைத்தேன். அதற்குள் அக்கா என் முன்னால் வந்துவிட்டார். குடத்தைக் கீழே வைத்தார். என் வலது கையை எடுத்து, கட்டைவிரல் நகத்தைத் திருப்பிப் பார்த்தார். கறுப்பு நகத்தோடு வளர்ந்து நுனிப் பக்கம் நகர்ந்திருந்தது.

"போயிரும்" என்றார். "இன்னும் ரெண்டு வாரத்துல போயிரும்."

அவர் சுற்றி ஒருமுறை அடிக்கட்டைகளைப் பார்த்தார். எண்ணத் தெரியாதவர் பார்ப்பதுபோல, மொத்தமாகப் பார்த்தார்.

"எல்லாஞ் சேத்து எத்தன மரஞ் சாமி இருந்துது?"

கேள்வி கேட்டால் எனக்குப் பதில் தானாக வந்துவிடும். அன்றும் வந்தது.

"இருபத்தெட்டுங்க்கா."

"இருபத்தேழுன்னுதானே அய்யா வாசிச்சாரு?"

என் கண் நார்த்தைப் பக்கம் போனது. அவர் கண்ணும் கூடவே போனது. என் கையை விட்டார். பிடித்திருந்த அவர் கை தன் வயிற்றின்மேல் போய் நின்றது.

"அதயும் எண்ணிட்டியா, கண்ணு?"

வேலை போனதற்கு, வீடு போனதற்கு, திருடன் பெண்டாட்டி என்று பேர் வந்ததற்கு அவர் அழுது நான் பார்க்கவில்லை. அப்போது அழுதார். வாட்சர் "வா, வெயிலேறுது" என்றார். குடத்தை அவரே எடுத்துக்கொண்டார்.

அவர்கள் ஊர் எங்கள் லைனிலிருந்து ஆறு மைல். அதற்குப் பிறகு நாங்கள் இரண்டு வருடம் மலைமேல் இருந்தோம். அந்தக் குழந்தை பிறந்ததா, இருந்ததா என்று நான் யாரையும் கேட்கவில்லை. இப்போது மலைக்கு பஸ் போகிறது. கொண்டை ஊசி வளைவுகள் எழுபது என்று சொல்கிறார்கள். நான் போய் எண்ணவில்லை.

நான் உண்மை சொல்ல வேண்டிய இடங்கள் ஒன்பது. ஒன்றிலும் சொல்லவில்லை. பத்தாவதாக அவர் கேட்டது ஒரு எண்ணிக்கைதான். இருபத்தேழு என்று சொல்லியிருக்கலாம். பொய் சொல்ல வேண்டியிருந்த ஒரே இடம் அது. அங்கே போய் உண்மையைச் சொன்னேன்.